தஞ்சை கிறிஸ்து ஆலயத்தின் ஸ்வார்ட்ஸ் நினைவுச் சிற்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருபவர்களில் மிகச் சிலரே, அதை ஒட்டியுள்ள சிவகங்கைக் குளத்தின் அருகே நிற்கும் பழைய ஆலயத்துக்குள் நுழைகிறார்கள். அப்படி நுழைந்து, உள்ளே இருக்கும் வெண்பளிங்குச் சிற்பத்தைப் பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒரு மனிதருக்காக எழுந்த மூன்று கற்களைப் பலரும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால், அவற்றைப் பிரித்துக் காட்டுவதும் இதன் நோக்கம்.

இது எந்தச் சிற்பம்? யாருக்காக வைக்கப்பட்டது?

தஞ்சாவூர்ச் சிறிய கோட்டைக்குள் 1779இல் கட்டப்பட்ட கிறிஸ்து ஆலயத்தில் இருக்கும் பளிங்குப் புடைப்புச் சிற்பம் இது. ஊரார் இந்த ஆலயத்தை ஸ்வார்ட்ஸ் ஆலயம் என்றே சொல்கிறார்கள். இதைக் கட்டியவரும் முதலில் இதில் பிரசங்கித்தவருமான கிறிஸ்டியான் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ் ஐயரின் நினைவாக, தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி தம் சொந்தச் செலவில் இங்கிலாந்தில் செய்யச் சொல்லி வரவழைத்தார். செய்தவர் ஜான் ஃபிளாக்ஸ்மன்.

ஸ்வார்ட்ஸ் ஐயர் எந்த நாட்டுக்காரர்? தமிழ்நாட்டுக்கு எப்போது வந்தார்?

பிரஷ்ய அரசுக்கு உட்பட்டிருந்த சோனன்பர்க் என்னும் ஊரில் 1726 அக்டோபரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. ஹாலே நகரில் படித்தபோது, தமிழ்நாட்டில் பணியாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸ் என்பவரிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். 1750இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தவர், சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்தார். 1762 முதல் திருச்சிராப்பள்ளியோடும், 1778 முதல் நிலையாகத் தஞ்சையோடும் அவருடைய வாழ்க்கை பிணைந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த நாட்டுக்கு ஒருமுறையும் திரும்பாமல், 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையிலேயே காலமானார்.

சம்பளத்தில் வாழ்ந்த ஒரு பாதிரியாரைச் சபையின் கொடையாளர் என்று சொல்வது பொருந்துமா?

நிச்சயமாகப் பொருந்தும். கொடையாளர் என்றதும் நிலமும் பொன்னும் உள்ள ஒருவரையே நாம் நினைத்துக்கொள்கிறோம். ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் அவை இல்லை. திருச்சியில் இராணுவக் குருவாக இருந்தபோது ஆண்டுக்கு 100 பவுண்டு ஊதியம் கிடைத்தது. அதில் பெரும்பகுதி பள்ளிக்கும் சபைக்கும் போயிற்று. 1764இல் மதுரை முற்றுகையில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்ததற்காக ஆற்காட்டு நவாபு கொடுத்த பணத்தைத் திருச்சியின் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். 1779இல் ஆங்கிலேயரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றபோது ஹைதர் அலி வழிச்செலவுக்கென்று தந்த 300 ரூபாயைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசிடமே ஒப்படைக்க முயன்றார். அவர்கள் வாங்க மறுத்ததும், அதையே முதலாக வைத்துத் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு நிதி தொடங்கினார். இந்தக் கிறிஸ்து ஆலயமும் அவர் ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தாலும், அவர் கேட்டுப் பிறர் கொடுத்த பணத்தாலும் எழுந்ததுதான்.

ஆனால் அவர் கொடுத்தவற்றுள் மிகப் பெரியது பணம் அன்று, அவருடைய வாக்கு. 1780இல் ஹைதர் அலியோடு மூண்ட போரின்போது தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் தீர்ந்துபோய், மக்கள் தெருக்களில் பசியால் விழுந்து இறந்தார்கள். சுற்று வட்டாரத்தில் நெல் இருந்தது. ஆனால் அதைக் கொண்டுவர மாடுகளும் இல்லை, கொண்டுவர யாரும் துணியவும் இல்லை. ஏனென்றால் முன்பு கொண்டுவந்தவர்களுக்கு உரிய விலையும் கூலியும் கொடுக்கப்படவில்லை. உங்கள்மேலும் என்மேலும் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது, இந்த ஐயரையாவது மக்கள் நம்புகிறார்களா என்று பார்ப்போம் என்று அரசர் துளஜாஜி ஆங்கிலேய அதிகாரியிடம் சொல்லி, எந்த உடன்பாட்டையும் செய்துகொள்ளும் அதிகாரத்தை ஸ்வார்ட்ஸிடம் எழுதிக் கொடுத்தார். ஓரிரு நாள்களில் ஆயிரம் மாடுகள் வந்தன. அவருடைய உபதேசியார்களும் சபையாரும் உயிரைப் பொருட்படுத்தாமல் ஊர் ஊராகச் சென்று, குறுகிய காலத்துக்குள் 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குள் சேர்த்தார்கள். எல்லாம் முடிந்தபின் அவர் ஒவ்வொருவருக்கும் கணக்குத் தீர்த்து, சிறிய அன்பளிப்பும் கொடுத்து அனுப்பினார்.

போர் ஓய்ந்த பிறகும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. வரி அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊர்களை விட்டு வெளியேறியிருந்தார்கள். திரும்பி வாருங்கள், உங்களுக்கு அநியாயம் நடக்காது என்று ஸ்வார்ட்ஸ் சொல்லி அனுப்பியபோது ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள். ஆனியில் தொடங்க வேண்டிய உழவைப் புரட்டாசியில் தொடங்கியபோதிலும், நீங்கள் எங்களுக்குக் காட்டிய அன்புக்காக இரவும் பகலும் உழைப்போம் என்று அவர்கள் சொன்னதை அவரே 1794இல் எழுதிய கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். இந்தப் பளிங்குக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த உழவர்களும் அந்த 80,000 கலமும்தான்.

கிறிஸ்தவப் போதகருக்கு ஓர் இந்து அரசர் ஏன் நினைவுச்சின்னம் வைத்தார்?

சரபோஜி அரசரானதற்கும், அதற்கு முன் உயிரோடும் கல்வியோடும் வளர்ந்ததற்கும் ஸ்வார்ட்ஸ் காரணமாக இருந்தார். துளஜாஜிக்கு வாரிசு இல்லாததால், 1787இல் இறப்பதற்குச் சற்று முன் உறவுக்காரப் பிள்ளையான சரபோஜியைத் தத்தெடுத்து, ஸ்வார்ட்ஸை அழைத்து, அந்தச் சிறுவனையும் நாட்டின் நிருவாகத்தையும் அவரிடமே ஒப்படைக்க விரும்பினார். ஆட்சிப் பொறுப்பை ஏற்கத் தயங்கிய ஸ்வார்ட்ஸ், அரசரின் உடன்பிறந்தவரான அமர்சிங்கிடம் அதைக் கொடுக்கும்படி சொன்னார். துளஜாஜி இறந்ததும் தத்து செல்லாது என்று தீர்ப்பாகி அமர்சிங்கே அரியணை ஏறிவிட்டார். அதன்பின் சிறுவன் சரபோஜி அரண்மனையில் அடைபட்டவன்போல், படிப்பும் இல்லாமல் வைக்கப்பட்டான். அவனுக்காகக் கம்பெனி அரசிடம் ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தவர் ஸ்வார்ட்ஸ். 1793இல் சரபோஜி பாதுகாப்புக்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குப் பாடம் சொல்லித் தந்தவர் ஸ்வார்ட்ஸின் நண்பரான கெரிக்கே ஐயர். சாத்திரம் அறிந்த பண்டிதர்களின் கருத்தை மறுபடியும் கேட்டுத் தத்து செல்லும் என்று முடிவான பின், 1798 ஜூனில் சரபோஜி அரசரானார். ஸ்வார்ட்ஸ் அதைப் பார்க்கவில்லை. நான்கு மாதம் முன்னதாகவே இறந்துவிட்டார்.

எனவே இது ஓர் அரசர் தம் குடிகளில் ஒருவருக்குச் செய்த மரியாதை என்பதைவிட, தந்தையை இழந்த பிள்ளை, தன்னை வளர்த்தவருக்கு எடுத்த கல் என்று சொல்வதே சரியாக இருக்கும்.

சிற்பத்தை வேண்டி சரபோஜி எழுதிய கடிதத்தில் என்ன இருக்கிறது?

1801 மே மாதத்தில், ஸ்வார்ட்ஸை ஆதரித்த இலண்டன் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்துக்கு அவர் எழுதினார். என் தந்தை, என் நண்பர், என் இளமைக்குக் காவலர் என்று ஸ்வார்ட்ஸைக் குறிப்பிட்டு, அவருக்குத் தாம் பட்ட நன்றிக்கடனையும் அவரிடம் தமக்குள்ள மதிப்பையும் காட்டும் வகையில் பளிங்கில் ஒரு நினைவுச்சின்னத்தைத் தம் கணக்கில் செய்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். ஸ்வார்ட்ஸ் பிரசங்கித்த மேடைக்குப் பக்கத்துத் தூணில் அது பொருத்தப்பட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஆலயத் தூண்கள் ஏறத்தாழ இரண்டு முழ அகலம் உடையவை என்பதையும் சேர்த்து எழுதினார். இரங்கலும் நன்றியும் நிறைந்த கடிதத்தில் தூணின் அளவைச் சொல்லும் அந்த வரிதான் என் மனத்தில் தங்கியிருக்கிறது. கல் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எப்படிப் பொருந்த வேண்டும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

சிற்பி ஃபிளாக்ஸ்மன் தஞ்சைக்கு வந்திருந்தாரா?

இல்லை. ஜான் ஃபிளாக்ஸ்மன் 1755இல் யார்க் நகரில் பிறந்தவர். வெட்ஜ்வுட் பீங்கான் தொழிற்கூடத்துக்கு வடிவங்கள் வரைந்து கொடுத்து, பின் ரோமாபுரியில் ஏழு ஆண்டுகள் தங்கிப் பழைய கிரேக்க, ரோமானியச் சிற்பங்களைக் கற்றவர். இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் உள்ள ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சனின் நினைவுச்சின்னமும் அவர் செய்ததே. தஞ்சையையும் சரபோஜியையும் பாராமல், இலண்டனில் இருந்தபடியே இதைச் செதுக்கினார். சிற்பம் கப்பலில் வந்து சேர்ந்தது.

சிற்பத்தில் இருப்பவர்கள் யார்? என்ன நடக்கிறது?

மரணப் படுக்கையில் ஸ்வார்ட்ஸ் படுத்திருக்கிறார். அருகில் நின்று அவருடைய கையைப் பற்றியிருப்பவர் சரபோஜி. அரசரின் அமைச்சர்கள் உடன் நிற்கிறார்கள். படுக்கையின் தலைமாட்டில் நிற்பவர் கெரிக்கே ஐயர். கட்டிலுக்கு அருகே மூன்று சிறுவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் ஸ்வார்ட்ஸின் பள்ளிப் பிள்ளைகள்.

கூர்ந்து பார்த்தால் இந்த அமைப்பில் நிறைய இருக்கிறது. கல்லுக்குப் பணம் கொடுத்தவர் தம்மை அரியணையில் காட்டச் சொல்லவில்லை. விடைபெற வந்தவராகவே நிற்கிறார். ஐரோப்பாவில் அக்காலத்து ஆலய நினைவுச் சிற்பங்களில் இறக்கும் நல்லவரைச் சூழ்ந்து உறவினர்கள் நிற்பதாகக் காட்டுவது வழக்கம். மனைவி மக்கள் இல்லாத ஸ்வார்ட்ஸுக்கு அந்த உறவினரின் இடத்தில் வளர்ப்புப் பிள்ளைபோன்ற அரசரும், உடன் ஊழியரும், ஏழைச் சிறுவர்களும் வந்திருக்கிறார்கள். நம் நாட்டு நடுகற்களில் வீரன் எப்படி இறந்தான் என்பது செதுக்கப்பட்டிருக்கும். இங்கேயும் அப்படியே, இறந்த விதமே வாழ்ந்த விதத்தைச் சொல்கிறது. சிறுவர்களைப் பார்க்காமல் அரசரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள் என்று வருகிற எல்லோரிடமும் நான் சொல்வதுண்டு.

இது உண்மையில் நடந்த காட்சியா?

சரபோஜி நோயுற்ற ஸ்வார்ட்ஸைப் பார்க்க வந்ததும், இறந்தபின் பெட்டி மூடப்படும் முன் மறுபடியும் வந்ததும் உண்மை. உடலைக் கண்டு அழுது, பொன்னாடை ஒன்றைப் போர்த்தி, அடக்கம் நடந்த ஆலயம்வரை உடன் சென்றார் என்று அங்கே இருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சிற்பி அந்த நாள்களைச் சுருக்கி ஒரே கணமாகக் காட்டியிருக்கிறார்.

கல்லில் என்ன எழுதியிருக்கிறது?

ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பிறந்த ஊரையும் இறந்த நாளையும் சொல்லி, இளமையிலேயே கிழக்கு நாட்டில் நற்செய்திப் பணிக்குத் தம்மைக் கொடுத்ததால் முதல் அப்போஸ்தலரின் எளிமையும் தூய்மையும் அவரிடம் காணப்பட்டன என்கிறது. கிறிஸ்தவர், முகம்மதியர், இந்து ஆகிய எல்லோரும் அவரை மதித்தார்கள். இந்து அரசர்களும் முகம்மதிய அரசர்களும் ஆங்கிலேயரோடு பேசுவதற்கு இந்த எளிய போதகரையே தேர்ந்தெடுத்தார்கள் என்று தொடர்கிறது. அவருடைய நற்குணங்களைச் சொல்லும் இந்தப் பளிங்கே தஞ்சை மகாராஜா சரபோஜியின் அன்பாலும் மதிப்பாலும் எழுந்தது என்று முடிகிறது. தன்னை வைத்தவரையே சான்றாக நிறுத்தும் அந்தக் கடைசி வாக்கியம் நன்றாக எழுதப்பட்ட வாக்கியம்.

சென்னையிலும் ஸ்வார்ட்ஸின் சிற்பம் இருக்கிறதே, அது இதன் நகலா?

அன்று. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தூய மரியாள் ஆலயத்தில் இருப்பது கிழக்கிந்தியக் கம்பெனி 1807இல் வைத்தது. செய்தவர் இளைய ஜான் பேக்கன். அதுவும் மரணப் படுக்கையைக் காட்டுவதால் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். சென்னைக் கல்லின் வாசகம் நீளமானது. ஊதியத்தில் மிச்சம் பிடித்துத் தஞ்சை ஆலயத்தைக் கட்டியது, அரசர் கொடுத்த நிலத்தில் வீடு கட்டி அதையே அநாதைப் பிள்ளைகளின் இல்லமாக்கியது, ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் இலவசமாகக் கொடுத்தது ஆகியவை அதில் வருகின்றன. கடும் போருக்கு நடுவிலும், இந்த மதிப்புக்குரிய பாதிரியாரைத் தடுக்காமல் போகவிடுங்கள், அவர் புனிதர், என் அரசுக்குக் கேடு நினைக்காதவர் என்று ஹைதர் அலி தம் அதிகாரிகளுக்கு அனுப்பிய ஆணையும் அந்தக் கல்லில்தான் இருக்கிறது. செய்திகளை அறிய விரும்பினால் சென்னைக் கல்லையும், அன்பைப் பார்க்க விரும்பினால் தஞ்சைக் கல்லையும் பாருங்கள் என்பேன்.

சரபோஜி கிறிஸ்தவராக மாறினாரா?

இல்லை. கடைசிவரை தம் முன்னோரின் சமயத்திலேயே இருந்தார். ஸ்வார்ட்ஸின் நினைவாகக் கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஐம்பது பேருக்கு உணவும் கல்வியும் கிடைக்க அவர் ஏற்பாடு செய்ததும் அப்படி இருந்துகொண்டேதான்.

ஸ்வார்ட்ஸைப் பற்றி விமரிசனமே கிடையாதா?

உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் அரசருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்றவர். அவருடைய நேர்மை கம்பெனிக்கும் பயன்பட்டது. அவர் பாடுபட்டு அரசராக்கிய சரபோஜி, அரியணை ஏறிய அடுத்த ஆண்டே, 1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்து, கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டும் உடைய அரசரானார். இதைப் பளிங்கு சொல்லவில்லை. தஞ்சைச் சபையில் சாதிக்கு ஒரு பக்கமாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தை ஸ்வார்ட்ஸ் வன்மையாக எதிர்க்காமல் பொறுத்துக்கொண்டார் என்பதும் உண்மை. பின்னாளில், 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அதை ஒழிக்க ஆணையிட்டபோது, ஸ்வார்ட்ஸால் சிறுவயதில் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு வளர்க்கப்பட்ட கிறிஸ்தவத் தமிழ்ப் புலவர் வேதநாயக சாஸ்திரியாரே அந்த ஆணைக்கு எதிராக நின்றார். படுக்கையருகே நிற்கும் மூன்று சிறுவர்களை நெகிழ்ந்து பார்க்கும் நாம், ஆலயத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காரவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஸ்வார்ட்ஸின் மேல் எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் இந்தக் குறையை மறைத்துப் பேசுவது அவருடைய நேர்மைக்கே பொருந்தாது.

சிற்பத்தைத் தொடலாமா? மாலை போடலாமா? சபையார் எப்படிச் சுத்தம் செய்யலாம்?

தொடாமல் இருப்பதே நல்லது. கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் வெண்பளிங்கில் ஊறி மஞ்சள் கறையாகிவிடும். பளிங்கு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. ஆகவே பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் புளியையோ எலுமிச்சையையோ கொண்டு தேய்த்தால் கல்லின் மேல்தோலே கரைந்துபோகும். முகங்களின் நுட்பம் அந்த மேல்தோலில்தான் இருக்கிறது. கழிவறை துடைக்கும் அமிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெழுகுவத்தியை மிக அருகில் ஏற்றினால் புகை படியும். பூமாலையைச் சிற்பத்தின்மேல் போடாமல் கீழே ஒரு தட்டில் வையுங்கள். பூவின் சாறும் கறைப்படுத்தும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுவதற்கு மேல் எதுவானாலும் கற்சிற்பப் பாதுகாப்பு அறிந்தவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது சிற்பத்தை மூடிவைக்க மறந்துவிடக் கூடாது.

அவருடைய கல்லறையும் இங்கேதான் இருக்கிறதா?

இங்கே இல்லை. கோட்டைக்கு வெளியே, அவர் வாழ்ந்த மிஷன் தோட்டத்தில் தாமே கட்டிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இன்று அது தூய பேதுரு ஆலயம். உடலை எடுத்துச் செல்லும்போது ஞானப்பாட்டு ஒன்றைப் பாடுவதாக இருந்தார்கள். தோட்டத்துக்குள் திரண்டுவிட்ட ஏழைகளின் அழுகுரலில் பாட முடியாமல் போயிற்று.

அந்தக் கல்லறைக் கல்லில் இருப்பவை சரபோஜி தாமே ஆங்கிலத்தில் எழுதிய செய்யுள் வரிகள். புலமை மிக்க கவிதை அன்று. வேற்று மொழியில் தட்டுத் தடுமாறி எதுகை சேர்த்த இளைஞனின் வரிகள். 1826இல் உயிர்த்தெழுந்த திருநாளுக்குத் தஞ்சை வந்து கிறிஸ்து ஆலயத்தில் பிரசங்கித்த பேராயர் ஹீபர் அந்த வரிகளைச் சிறப்பாகக் குறிப்பிட்டார். உறுதியும் பணிவும் அறிவும் உடையவர், அநாதைகளுக்குத் தந்தை, விதவைகளுக்கு ஆதரவு, எல்லாத் துயரத்திலும் ஆறுதல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, மன்னர்களுக்கும் மக்களுக்கும் எனக்கும் ஆசியாக இருந்தவரே, என் தந்தையே, உமக்குத் தகுதியுள்ளவனாக நான் ஆக வேண்டும் என்று உம்முடைய சரபோஜி விரும்பி வேண்டுகிறான் என்று முடிகிறது. தஞ்சைக்கு வருபவர்கள் முதலில் பளிங்கைப் பார்த்துவிட்டு, நேரம் இருக்கும்போதே அங்கேயும் போய் அந்தக் கடைசி இரண்டு வரிகளையாவது படித்துவிட்டு வாருங்கள்.